தொட்டியில் இடம் கிடைக்காத நாம்பன்

கனடாவில், மில்லிக்கனில் இருந்து, ஒஷாவாவுக்கு வடக்கே உள்ள இறைச்சி மாட்டுப் பண்ணைக்கு நாலு வருடம் வேலைக்குக் கார் ஓட்டிப் போனேன். மாட்டிறைச்சி தொடாத சைவனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்காத சொந்தபந்தம் இல்லை. தீவனம் போடுகிற வேலை. வேறு வேலை கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒரு பட்டியில் முப்பது மாடுகள். தொட்டியில் இருபதுதான் ஒன்றாக நின்று தின்னலாம். பலசாலிகள் முந்திப்போய்ச் சோளத்தைத் தின்று கொழுத்தன. செம்மண் நிறத்தில் ஒரு நாம்பன், இளங்காளை, முட்டு வாங்கி ஒதுங்கி நின்று கடைசியில் மிஞ்சிய வைக்கோலை நக்கும். எடை ஏறவேயில்லை. அடுத்த முறை நிறுக்கும்போதும் இப்படியே இருந்தால் தீவனம் தண்டம், இறைச்சிக்கூடத்து லொறியில் ஏற்றிவிடலாம் என்றார் முதலாளி.

எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டு மாதம் தவணை கேட்டு, அதைத் தனியாக அடைத்தேன். முட்ட ஆளில்லாத இடம். வயிறு ஊதிவிடாதபடி தானியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். பட்டிப்பொங்கலன்று வீட்டில் பொங்கிய புக்கை கொண்டுபோய், பனிக்குள் நின்று கையால் தீத்தினேன். இறைச்சி மாட்டை அப்படிப் பழக்காதே என்று அங்கிருந்த பழைய ஆட்கள் சொன்னார்கள். நான் எங்கே கேட்டேன்? அதன்பின் அது என்னை விட்டு விலகவேயில்லை.

மறுபடி நிறுத்தபோது மற்ற மாடுகளை எட்டிப் பிடித்திருந்தது. தப்பிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். முதலாளி என் தோளில் தட்டி, நல்ல எடை என்று பாராட்டி, செவ்வாய்க்கிழமை லொறிக்கு அதையும் சேர்த்தார். மெலிந்தாலும் லொறி, கொழுத்தாலும் லொறி என்பது எனக்குத் தெரியாததா? தெரியும். நினைக்க விரும்பவில்லை.

"இஞ்சாருங்கோ, உது இறைச்சிக்கு வளக்கிற மாடெண்டு தெரிஞ்சுதானே வேலைக்குப் போனனீங்கள்?" என்றாள் மனைவி.

"ஓம்" என்றேன்.

செவ்வாய் காலை மற்றவை ஏறிவிட்டன. நாம்பன் மட்டும் சாய்பலகையில் கால் வைக்க மறுத்தது. சாரதி மின்கோலை எடுத்தான். அதற்கு வலிக்கப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. அவனைத் தடுத்துவிட்டு, நானே லொறிக்குள் ஏறி நின்று, "வா ராசா, வா" என்று கூப்பிட்டேன்.

ஓடி வந்து ஏறியது.