கலியபெருமாள் நேராகச் சொன்னது

என் அம்மா செத்துவிட்டாள், அதை என்னிடம் மறைக்கிறார்கள் என்று ஒரு வாரம் முழுதாக நம்பியவன் நான். யாரும் அப்படிச் சொல்லவில்லை. நானாகவே கண்டுபிடித்தேன். குறுக்கெழுத்துப் பைத்தியம் பிடித்தவனுக்கு இந்த மாதிரிக் கண்டுபிடிப்புகள் சுலபமாக வரும்.

இங்கிலாந்தில் நான் வேலை பார்க்கும் பீங்கான் தொழிற்சாலையில், மதியச் சாப்பாட்டு வேளையில் கீத் என்பவர் எனக்கு எதிரே உட்கார்ந்து, பேப்பரைச் சிறிதாக மடித்துக் குறுக்கெழுத்துப் போடுவார். வாயைத் திறக்கமாட்டார். வந்த புதிதில், மனுஷன் திணறுகிறாரே என்று தலைகீழாகவே படித்து இரண்டு விடைகளை எடுத்துக் கொடுத்தேன். "வெரி கைண்ட்" என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தினமும் கொடுக்க ஆரம்பித்தேன். அடுத்த வாரம் அவர் வேறு மேசைக்குப் போய்விட்டார். இங்கே அது குளிப்பது மாதிரி தனியாகச் செய்கிற காரியம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

விருத்தாசலத்தில் அதைக் கூட்டம் சேர்த்துக்கொண்டு செய்தோம். எண்பதுகளின் கடைசியில் நானும் கலியபெருமாளும் பீங்கான் டிப்ளமா முடித்து, ஆளுக்கொரு கம்பெனியில், மின்சாரப் பெட்டிக்குள் மாட்டுகிற பீங்கான் ஃபியூஸ் கேரியர் சுடுகிற சூளையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வேலை விட்டால் பஷீர் பாய் டீக்கடை. பெஞ்சில் இங்கிலீஷ் பேப்பர். விடையைச் சொன்னால் மட்டும் போதாது. அது எப்படி வந்தது என்று பாய்க்குத் தமிழில் விளக்க வேண்டும், அவர் தலையாட்டினால்தான் கட்டத்தில் எழுதலாம். 'ஃபிளவர்' என்று குறிப்பில் இருந்தால் பூவைத் தேடக்கூடாது, எழுத்தை 'ஃப்ளோ-அர்' என்று பிரித்தால் ஓடுகிற ஒன்று என்று ஆகும், ஆகவே விடை ஏதோ ஒரு ஆற்றின் பெயர் என்று ஒருநாள் கலியபெருமாள் விளக்கினான். பாய் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

"ஏன் தம்பி, இவனுங்க எதையுமே நேரா சொல்ல மாட்டானுங்களா?"

"நேரா சொன்னா எவன் பாய் காசு குடுத்து பேப்பர் வாங்குவான்?"

நேராகச் சொல்லாத வித்தையில் நம் ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. வெளிநாட்டில் இருப்பவனுக்குச் சாவுச் செய்தியை அப்படியே சொல்வது நம் பக்கத்தில் வழக்கமில்லை. தனியாகக் கிடக்கிறவன் இடிந்துபோவானாம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் இங்கே வந்த மறுவருஷம், 'அப்பாவுக்குக் காய்ச்சல், லீவு கெடச்சா வந்து பாத்துட்டுப் போ' என்றார்கள். போனேன். மாலை போட்ட போட்டோவைத்தான் பார்த்தேன். அன்றிலிருந்து ஊரிலிருந்து வருகிற ஒவ்வொரு சொல்லையும் பின்னால் போய்த் திருப்பிப் பார்க்கிற ஆள் ஆகிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் டீக்கடையை ஒட்டிய எஸ்டிடி பூத்துக்கு நான் கூப்பிடுவேன். கலியபெருமாள் பேப்பரோடு காத்திருந்து குறிப்புகளைப் படித்துக் காட்டுவான், சேர்ந்து விடை தேடுவோம். ஒரு ஞாயிறு அவன் குறிப்பு எதுவும் படிக்கவில்லை. "பேப்பரே பாக்கல மாப்ள. கண்ணு தெரியல" என்றான். அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். நல்லா இருக்காங்க என்று உடனே சொன்னான். அந்த 'உடனே'யில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. சூளையின் பார்வைத் துளை வழியே நெருப்பின் நிறத்தைப் பார்த்தே சூடு சொல்கிறவனுக்காவது, கண் தெரியாமல் போவதாவது. பேச்சை மாற்றுகிறான். எங்கள் வீட்டில் போன் கிடையாது. பக்கத்து வீட்டுக்குப் போட்டேன். அம்மா கோயிலுக்குப் போயிருக்கிறாளாம். வேறு என்ன சொல்வார்கள்? விடை கட்டத்தில் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது.

அழுதுகொண்டே லீவு கேட்டேன். சூளைப் பகுதி முழுவதும் கையெழுத்துப் போட்ட இரங்கல் அட்டை ஒன்று கிடைத்தது. கீத் தன் மேசையிலிருந்து எழுந்துவந்து என் தோளைத் தொட்டார். விமானத்தில் யாரோ ஒரு பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். அவ்வளவு சிறப்பாக அழுதேன்.

வாசலில் அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "யாருக்கு என்னாடா ஆச்சு, இப்படி வந்து நிக்கிற?" என்றாள். பையில் இருந்த அட்டையில் லில்லிப்பூ படம். அழகா இருக்குது என்று வாங்கி சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். அது என்ன அட்டை என்று இன்றுவரை நான் சொல்லவில்லை.

சாயங்காலம் கலியபெருமாள் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் உட்கார்ந்து, நான் நின்ற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தான். குரலை வைத்து அடையாளம் கண்டான். நடந்ததைச் சொன்னேன். விழுந்து சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான்.

"கண்ணு தெரியலன்னு சொன்னேன். கண்ணு தெரியலடா. அவ்ளோதான்."

சர்க்கரை. கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றுவிட்டார்கள். நெருப்பின் நிறம் தெரியாதவனைக் கம்பெனி வேலையை விட்டு நிறுத்திவிட்டது. என்னிடம் பேசிய ஞாயிற்றுக்கிழமை, அவன் மனைவி கையைப் பிடித்துப் பூத்துக்குக் கூட்டிவந்திருக்கிறாள்.

லீவு முடிந்து திரும்பிவிட்டேன். அம்மா நன்றாக இருக்கிறாள். கலியபெருமாளுக்கு இரண்டு கண்ணும் போய்விட்டது. நான் இங்கே இருக்கிறேன்.