நாலாம் நம்பர் அறையின் மஞ்சள்

போன வாரம் புதுச்சேரியில் ஒரு சின்ன ஹோட்டலில் தங்கினேன். மொத்தமே எட்டு அறைகள். சுவரில் மார்பளவு வரை மஞ்சள், அதற்கு மேல் வெள்ளை. என்ன அழகு!

டிஜிட்டல் கேமராவில் ஒன்பது படம் எடுத்தேன். ஆடிக் கிருத்திகைக்குள் எங்கள் திருத்தணி லாட்ஜுக்குப் பெயின்ட் அடிக்க வேண்டும்.

இன்று காலை நைனாவிடம் காட்டினேன். அப்பா எங்களுக்கு நைனாதான்.

கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். "இது நம்ம நாலாம் நம்பர் ரூமுதானே?"

சுருக்கென்றது.

தொண்ணூறுகளில் எங்கள் அறைகள் இப்படித்தான் இருந்தன. மலையில் மொட்டை போட்டு, தலையில் சந்தனம் பூசிக்கொண்டு வருபவர்கள் பாயில் உட்கார்ந்து சுவரில் தலை சாய்ப்பார்கள். சுவரெல்லாம் வட்டவட்டமாகச் சந்தனம். கறை தெரியக்கூடாதென்று நைனா அந்த உயரத்துக்கு மஞ்சள் அடித்தார். நாலாம் நம்பர் அறையில் அந்த மஞ்சளில் முதுகைச் சாய்த்துத்தான் பரீட்சைக்குப் படித்தேன். அறைக்கே சந்தன வாசனை இருக்கும்.

வேலைக்குப் போனதும், 'பட்டிக்காட்டு மஞ்சள்' என்று சண்டை போட்டு முழுக்க வெள்ளை அடிக்கவைத்தது நான்தான். அந்த ஆடியிலேயே வெள்ளையெல்லாம் வட்டவட்டமானது. 'சுவரில் சாயாதீர்கள்' என்று போர்டு மாட்டினேன்.

"திரும்ப மஞ்சளே அடிச்சிடலாமா நைனா?"

"ஆங், அடி." படத்தை இன்னொரு முறை உற்றுப் பார்த்தார். "ஏம்மா, அந்த ஓட்டலுக்கும் மொட்டை போட்டுகினுதான் வராங்களா?"

புதுச்சேரிக்காரர்கள் யாராவது பதில் சொல்லுங்கள். மனிதர் நிஜமாகவே கேட்கிறார்.