குடிக்காத தண்ணீர்

மரக்காணத்தில், இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியிருந்த ஓர் அம்மாவைப் பார்க்க வாரம் ஒருமுறை போவேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் படித்து நர்ஸ் ஆனவள் நான். நான் சொன்னால் எல்லோரும் கேட்பார்கள் என்று நம்பியிருந்தேன். அந்த அம்மாவுக்கு உப்பளத்து வெயிலில் கறுத்த ஒல்லி உடம்பு, வெடித்த உதடுகள். மாத்திரைகளைத் தவறாமல் விழுங்குவார், ஆனால் ஒரே ஒரு மடக்குத் தண்ணீரில்.

“தண்ணி குடிக்காம இருந்தா மறுபடி ஆஸ்பத்திரிதான் ஆயா.”

“குடிச்சா ஒண்ணுக்கு வருமே. மருமவ உப்பளத்துலேர்ந்து சாயங்காலம்தான் வர்றா.”

“உங்க பையன் வீட்லதானே இருக்காரு? பெட்பேன் வைக்கச் சொல்லுங்க.”

“பெத்த புள்ள கையாலயா? போடி.”

சொம்பிலிருந்து டம்ளரை நிரப்பி நீட்டினேன். வாங்கிக்கொண்டு என்னையே பார்த்தார்.

“குடிக்கிறேன். ஒண்ணுக்கு வர்ற வரைக்கும் நீ உக்காந்திருப்பியா, டாக்டரம்மா?”

அன்று நான் போகவேண்டிய வீடுகள் இன்னும் இருந்தன. பையின் ஜிப்பை இழுத்து மூடினேன். அவர் கோபப்படவில்லை. தண்ணீரைச் சிந்தாமல் சொம்பிலேயே திருப்பி ஊற்றினார். பிறகு வாசலில் இருந்த மகனைக் கூப்பிட்டார்.

“பாப்பா வெயில்ல வந்திருக்குது. குடிக்க எதனா குடுடா.”

அவர் மகன் கொண்டுவந்த மோரைக் குடித்துவிட்டுப் புறப்பட்டேன்.