அண்ணனுக்கு அக்கி எழுதியது

என் அண்ணனுக்குப் பெரியகுளம் ஆஸ்பத்திரியில் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் நடந்தபோது இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. தையல் பிரித்த பிறகு எங்கள் ஊர் மார்க்கையன்கோட்டைக்குக் கூட்டிவந்தோம். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று அம்மா மாரியம்மனுக்கு மாவிளக்கு எடுத்தாள்.

சில நாளில் தழும்பைச் சுற்றித் தோல் சிவந்து கொப்புளம் கிளம்பியது. கண்ணுக்குத் தெரிந்த புண் சின்னதுதான். ஆனால் விரல் பட்டாலே அலறினான். அம்மா பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டாள்: "அக்கிதான். ஆஸ்பத்திரிச் சூடு."

எங்கள் பக்கம் அக்கி என்றால் மண்பானை வனைகிற வேளாரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் காவி மண்ணைக் குழைத்து அண்ணனின் அடிவயிற்றில் சிங்க உருவம் எழுதி, சுற்றிலும் கனமாகப் பூசினார். மூன்று நாள் எழுத வேண்டும், தண்ணீர் படக்கூடாது. மனிதர் மேல் குறை சொல்ல மாட்டேன். சின்ன வயதில் எனக்கு வந்த அக்கியை ஆற்றியவர் அவர்தான்.

ஆனால் காவிக்கு அடியில் தோல் என்ன நிறமாகிறது என்று யார் கண்டது? அண்ணன் காய்ச்சலில் பிதற்றத் தொடங்கி, கட்டிலருகே அழுகல் வாடையும் அடித்த பிறகே அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டாக்டர் ஈரப் பஞ்சால் சிங்கத்தைத் துடைத்தார். நடுவில் கன்னங்கரேல் என்றும் ஓரத்தில் கத்தரிப்பூ நிறத்திலும் இருந்தது. அந்த ஓரத்தைச் சுற்றி மையால் கோடு போட்டுவிட்டுப் போனார். சாயங்காலத்துக்குள் கறுப்பு கோட்டைத் தாண்டிவிட்டது.

"இது அக்கி இல்ல. ஆபரேஷன் புண்ணுல விஷம் ஏறி, தோல் செத்துக்கிட்டே போகுது. வெட்டி எடுக்கணும்" என்றார்.

மயக்கம் கொடுத்து, ரத்தம் கசிகிற நல்ல சதை தெரியும்வரை வெட்டினார். புண் விஷத்தை முறிக்கப் புதிதாக வந்திருந்த சல்பா மாத்திரையும் கொடுத்தார். மறுநாள் ஓரம் மறுபடி கறுத்தது; மறுபடி வெட்டினார். கட்டு மாற்றும்போதெல்லாம் அண்ணன் என் கையை நசுக்குவான். எனக்குக் கத்தி மேல் கோபம், காவி மேல் கோபம், எல்லார் மேலும் கோபம். கடைசியில் என் கையைப் பிடிக்கவும் அவனுக்குத் தெம்பில்லை.

அவன் இறந்ததும் டாக்டர் என்னைத் தனியே அழைத்தார். "செவந்தன்னைக்கே கொண்டாந்திருந்தா பொழச்சிருப்பாரு" என்றார்.

வெளியே அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"டாக்டரு என்ன சொன்னாக?"

"விதி முடிஞ்சு போச்சுன்னாக."

கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அந்த வேளாரு எழுதப்போயித்தான் எம்புள்ள இத்தன நாளாச்சும் தாக்குப்பிடிச்சான்" என்றாள்.

"ஆமாம்மா" என்றேன்.