தார் ஊற்றிய நால்வரும் அந்தோணிசாமியின் நோட்டும்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, பூசைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது திண்டிவனத்திலிருந்து அந்தோணிசாமியின் மருமகள் கூப்பிட்டாள். "மேடம், மாமா போயிட்டாருங்க. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியிலதான் வெச்சிருந்தோம்." எத்தனை மணிக்கு என்று கேட்டேன். என் கணவர் இறந்த அன்றும் நான் முதலில் கேட்டது அதைத்தான்.

நெடுஞ்சாலைத் துறையில் அவருடன் வேலை பார்த்த உங்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அவர் ரோடு இன்ஸ்பெக்டர். நான் விழுப்புரம் அலுவலகத்தில் தலைமை எழுத்தர். அவருடைய அறிக்கை ஒன்றைக்கூட நான் சிவப்பு மை படாமல் விட்டதில்லை. "கான்வென்ட் சிஸ்டருங்ககிட்ட படிச்சிட்டு எங்கள இப்படிப் பேஜாரு பண்றீங்களே மேடம்" என்பார். அங்கேயே நின்றபடி திருத்தியும் கொடுப்பார்.

புறவழிச்சாலை வந்தபின், திண்டிவனத்தின் ஓரமாகப் போன அவருடைய பழைய ரோட்டை மாநில நெடுஞ்சாலைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஒருமுறை என்னை ஆட்டோவில் அழைத்துப்போய்க் காட்டினார். இருபுறமும் மனை போட்டு வீடுகள். பச்சைத் தலை கிலோமீட்டர் கல் ஒன்றை ஒரு வீட்டு வாசலில் துணி துவைக்கப் போட்டிருந்தார்கள். "எம்மா, சர்க்காரு கல்லு அது, பாத்து அடி" என்றார். அந்தப் பெண் சிரித்தாள். திரும்பும் வழியில் அவர் ஒன்றுதான் பேசினார்: "நான் இருக்கிறப்பவே இந்த ரோட்டு கதைய எழுதிடணும் மேடம். நீங்க பாத்துக் குடுத்தா அச்சுக்குக் குடுத்துடலாம்."

ஒரு நோட்டில் எழுதத் தொடங்கி, முதல் பக்கத்தைக் கொண்டுவந்தார். அதில், காலில் ஈரச்சாக்கைக் கட்டிக்கொண்டு கொதிக்கும் தாரை ஊற்றிய நான்கு பெண்கள்: அஞ்சலை, பச்சையம்மா, லூர்து, சின்னப்பொண்ணு. நான்கு பெயரையும் வட்டமிட்டு, 'தந்தை பெயர்? ஊர்?' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தேன்.

"கூலி மஸ்டர் ரோல்லயே அஞ்சலைன்னுதான் மேடம் இருந்துது. கைநாட்டு வெச்சிட்டுப் போவாங்க. யாரு முழுப்பேரு கேட்டா?"

"வரலாறு என்றால் ஆதாரம் வேண்டும்" என்றேன்.

நல்ல வெயிலில் அந்தப் பெண்களைத் தேடிப் பெருமுக்கல் கிராமத்துக்குப் போய்வந்தார். "அஞ்சலை மவனப் பாத்தேன் மேடம். அம்மாவப் பெத்தவரு பேரு அவனுக்கே தெரியலை. மத்த மூணு பேரு வீட்டக் காட்டக்கூட ஆளில்ல."

"அப்படியானால் அந்தப் பத்தியை எடுத்துவிடுங்கள்."

நோட்டை மூடினார். "அவங்கள எடுத்துட்டா அப்புறம் ரோடு ஏது மேடம்?" கோபமாகச் சொல்லவில்லை. காபியைக் குடித்துவிட்டுத்தான் போனார். அதன்பின் வரவில்லை. அவரே கூப்பிடட்டும் என்று நானும் இருந்துவிட்டேன்.

அடக்கம் முடிந்ததும் மருமகள் நோட்டை என்னிடம் கொடுத்தாள். "அன்னைக்கு வந்தவரு இத அப்படியே பரண்ல வெச்சிட்டாருங்க." புரட்டினேன். என் சிவப்பு வட்டங்களுக்குப் பிறகு எல்லாம் வெற்றுத்தாள். எந்தப் பாலம் எந்த வெள்ளத்தில் போனது, யார் திரும்பக் கட்டினார்கள், எல்லாம் அவர் தலையில்தான் இருந்தது. கேட்க இனி ஒருவரும் இல்லை.

அந்த நோட்டு இப்போது என் மேசையில் இருக்கிறது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அது ஒன்றே. அன்றே நான் எழுதிக் கையெழுத்திட்டிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்: அந்த ரோட்டுக்குத் தார் ஊற்றியவர்கள் அஞ்சலை, பச்சையம்மா, லூர்து, சின்னப்பொண்ணு. தந்தை பெயர் தெரியாது. அந்தோணிசாமி கண்ணால் பார்த்திருக்கிறார். அது போதும் என்று அவரிடம் நான் சொல்லவில்லை.