பம்ப் இரையாத நாட்கள்

எங்கள் கார் என் மகளைவிட மூத்தது. கணவர் அதைப் பிள்ளையைப் போலப் பார்க்கிறார் என்று வீட்டுக்கு வருகிறவர்கள் சொல்வார்கள். எனக்குச் சிரிப்பு வராது. பிள்ளையைவிட நன்றாகத்தான் பார்த்தார்.

மகள் வெருகல் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். அன்புவழிபுரத்திலிருந்து கிண்ணியாப் பாலம் தாண்டி, மூதூர் தாண்டிப் போய்வர வேண்டும். பஸ்ஸை நம்பினால் அங்கேயே அறை எடுத்துத் தங்க வேண்டியதுதான். அதனால் கார் அவள் கைக்கு வந்தது. வந்த கொஞ்ச நாளிலேயே வழியில் நிற்கத் தொடங்கியது. ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் ஓய்ந்துவிடும். சற்றுப் பொறுத்தால் ஒன்றும் நடக்காததுபோலக் கிளம்பும்.

இது இன்ஜெக்சன் கார், அந்த முறை புதிதாக வந்த காலத்தது. மின்சாரப் பம்ப் பெற்றோலைத் தள்ள, ஒரு கணினிப் பெட்டி அதை அளந்து எஞ்சினுக்குள் தெளிக்க வைக்கும். இந்தக் காலத்துக் கார்களைப் போல ஸ்கேனரை மாட்டிக் குறையைக் கேட்க இதில் வழியில்லை. கராஜ்காரர் ஊகித்து ஊகித்து மாற்றினார். வெப்பம் பார்க்கும் சென்சர், பெற்றோல் பில்டர், கடைசியில் பம்ப். இன்ஜெக்டர்களையும் கழற்றிக் கழுவினார். கராஜில் வைத்துப் பார்க்கும்போதெல்லாம் அது சமர்த்தாக ஓடியது.

"சாவியைத் திருப்பினவுடனே பின்னால பம்ப் இரையும். கார் நிண்டு போற நேரங்களில மட்டும் அந்தச் சத்தம் கேக்கிறேல்லை," என்றாள் மகள்.

கராஜ்காரர் அவளைப் பார்க்கவில்லை. என் கணவரைப் பார்த்துச் சொன்னார்: "அண்ணை, கோவிக்காதேங்கோ. காரில பிழையில்லை. தங்கச்சி கிளச்சைப் பட்டெண்டு விடுறா போல."

"நானும் அதைத்தான் சொல்றனான்," என்றார் கணவர். "நான் ஓடேக்க ஒரு நாளும் நிண்டதில்லை."

இந்தக் கதை சொந்தக்காரர் வீடெல்லாம் போனது. நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கணவரின் தங்கை மகன் படலையில் நின்றபடியே, "மச்சாள், தள்ளுறதுக்கு நாங்கள் ரெண்டு பேர் டிக்கியில ஏறி வரட்டோ?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். மகள் சாப்பிடாமல் எழுந்து போனாள்.

போன மாதம் வெருகல் முருகன் கோயிலுக்கு அவளோடு போயிருந்தேன். அவள் பாடசாலை முடிந்து என்னை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, கொளுத்தும் வெயிலில், கிண்ணியாப் பாலத்தின் நடுவில் எஞ்சின் ஓய்ந்தது. அவள் கால் கிளச்சில் இல்லை. நான் பார்த்தேன். பின்னால் மணல் டிப்பர். பிரேக் கிறீச்சிட, அதன் மூஞ்சி எங்கள் பின்கண்ணாடியை அடைத்துக்கொண்டு நின்றது. மகள் சாவியைத் திருப்பினாள்.

"கேளுங்கோ அம்மா. இரையுதோ?"

இரையவில்லை. ஹோன் சத்தத்துக்கு நடுவிலும் அது தெரிந்தது.

டிப்பர் சாரதி தலையை வெளியே நீட்டி, "பாலத்திலயோ ஓடப் பழகிறீங்கள்?" என்று கத்தினான். பிறகு அவனும் மீன்பெட்டியோடு வந்த ஒருவரும்தான் காரைக் கரைவரை தள்ளிவிட்டார்கள். இன்றைக்கும் வீதியில் லொறியின் பிரேக் சத்தம் கேட்டால் நான் பின்னால் திரும்பிப் பார்க்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் அவள் உடுப்புக்கூட மாற்றவில்லை. பின்சீட்டைக் கழற்றி, பம்புக்குப் போகும் வயரைப் பிடித்து, ஒரு சின்ன பல்ப்பால் இடத்துக்கு இடம் மின்சாரம் பார்த்துக்கொண்டே முன்னுக்கு வந்தாள். சாரதி சீட்டின் அடியில், கம்பளத்துக்குக் கீழே, காரோடு வந்திராத ஒரு வயர் இருந்தது. அதன் முனையில் ஒரு சுவிட்ச். உப்புக்காற்றுப் பட்டுப் பச்சை பூத்திருந்தது. விரலால் தட்டினாள். பல்ப் அணைந்து அணைந்து எரிந்தது; பம்புக்குப் போகும் மின்சாரம் இங்கேதான் அறுந்து அறுந்து போயிருக்கிறது.

கணவர் வாசலில் நின்றார். "அது நான் போட்டது. பெற்றோல் தட்டுப்பாட்டில வரிசையில நிண்ட நேரம், ஆரும் காரைக் களவெடுத்தால் பம்ப் வேலை செய்யக்கூடாதெண்டு. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"ஏன் அப்பா சொல்லேல்லை?"

"எல்லாருக்கும் சொன்னா பிறகென்ன கள்ளச் சுவிட்ச்?"

"நான் எல்லாருமோ?"

ஊரில் பல பேர் இப்படி ஒரு சுவிட்சை ஒளித்து வைத்திருக்கிறார்கள். ஒளித்த இடத்தை வீட்டுப் பெண்களுக்குச் சொல்ல மாட்டார்கள். கதை வெளியே போய்விடுமாம். அவளுடைய கிளச்சைப் பற்றிய கதை மட்டும் ஊரெல்லாம் போகலாம். தன் கையால் முறுக்கிய வயர் பிழை விடும் என்று அவருக்கு ஒருமுறைகூடத் தோன்றவில்லை. மகளின் கால் பிழை விடும் என்று மட்டும் உடனே தோன்றியது.

அவள் சுவிட்சை வெட்டியெடுத்து, வயரை நேராக இணைத்து டேப் சுற்றினாள். அடுத்த நாள் காலை காரை வெளியே எடுத்தபோது அவர் படலையைத் திறந்துவிட்டார்.

"கிளச்சை மெதுவா விடு பிள்ளை," என்றார்.

அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போனாள். நான் கைத்தொலைபேசியோடு குசினியில் நின்றேன். அவருக்குத் தேநீர் ஊற்றவில்லை. பாலம் தாண்டியதும் அவள் எனக்கு அழைத்தாள். பாலம் தாண்டிவிட்டாளா என்று அவர் கேட்டார், நான் சொல்லவில்லை.