அடுப்புக்கு ஆகாத முகங்கள்

மலையூர்கள் சில சேர்ந்த தேவனூர் நாட்டு ராஜேஸ்வரி மிளகுக்கொடி கட்டுவாள், மரவள்ளி பிடுங்குவாள், சண்டைக்கு வந்தவளை வாயாலேயே துரத்துவாள். உளி மட்டும் பிடித்ததில்லை. அப்படிப்பட்டவள் பலாக்கட்டையில் முகம் செதுக்க உட்கார்ந்ததற்குக் காரணம் பயம். போன தை மாதம் மிளகு பறிக்க, கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் ஏறிய அவள் புருஷன் வேல்முருகன் விழுந்து செத்தான். வருஷம் திரும்பவில்லை, அதற்குள் அவன் முகம் அவளுக்கு மறந்துகொண்டே வந்தது.

படம் இல்லையா என்றால், இருந்தது. அவன் போனில் இருந்தவை அவனோடு விழுந்து நொறுங்கின. கல்யாணப் படத்தை மலை ஈரத்தில் பூஞ்சை தின்றுவிட்டது. ஆதார் அட்டையில் இருப்பவனோ கோழி திருடி மாட்டிக்கொண்டவன் மாதிரி முழிக்கிறான். அது அவள் புருஷனே இல்லை.

மலையடிவாரச் சேந்தமங்கலத்தில் உளி வாங்கிவந்து, தன் போனில் வீடியோ பார்த்துப் பழகினாள். மூக்குக்கு மேடு விடாமல் கண்ணைத் தோண்டியதில் மூக்கு சப்பையானது. அடுத்ததில் மரத்தின் நார் ஓட்டத்துக்கு எதிராக உளியைத் தள்ளினாள், உதடு பெயர்ந்து வந்தது. கெட்டுப்போன கட்டையை அடுப்பில் செருகப் போனபோது மாமியார் பாப்பாத்தி கையைப் பிடித்தாள்.

“வேண்டாஞ் சாமி. கண்ணு மூக்கு வெச்ச பொறவு அது கட்டை இல்ல. மொகத்த அடுப்புல வெக்கக்கூடாது.”

அதனால் அதுவும், அடுத்தடுத்துக் கெட்டவையும் பரணுக்கு ஏறின. சமைக்கும்போது அவை முதுகைப் பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது. திரும்பினால் யார் யாரோ.

மஞ்சள் கேட்டு வந்த பக்கத்து வீட்டுப் பெருமாயி பரணைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். “ஏனுங்க, அது எங்க அப்புச்சி இல்லீங்களா?” என்றாள். ராஜேஸ்வரி அந்த ஊருக்கு வாக்கப்பட்டு வருமுன்பே போய்ச் சேர்ந்துவிட்ட தாய்வழித் தாத்தா அவர். பெருமாயி கட்டையை முந்தானையில் பொதிந்து கொண்டுபோனாள். பிறகு பெரக்கரை நாட்டிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். உதடு உடைந்ததைத் தன் அண்ணன் என்று ஒருவர் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“ஊரார் ஊட்டுச் செத்தவங்கெல்லாம் என் கைக்கு வாராங்க. கட்டுனவருக்கு மட்டும் வழி தெரியலியாக்கும்” என்று ராஜேஸ்வரி உளியோடு சண்டை போட்டாள். அழவும் செய்தாள்.

ஐப்பசி மழையில் இன்னொன்று முடிந்தது. நெற்றி குறுகி, ஒரு கன்னம் இறங்கி, செய்ததிலேயே மோசம். அதைப் பரணில் போட எடுத்தபோது பாப்பாத்தி வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். இறங்கிய கன்னத்தைத் தடவத் தடவ அவள் தோள் குலுங்கியது.

கிழவிக்கும் யாரோ வந்துவிட்டார்கள், செத்துப்போன மாமனாராக இருக்கும் என்று ராஜேஸ்வரி நினைத்தாள். பொறாமையாகக்கூட இருந்தது.

“யாருங்கத்தை இது?”

பாப்பாத்தி அழுகையை நிறுத்தி மருமகளை ஏறிட்டுப் பார்த்தாள். “நம்ம வேலு, கண்ணு. உனக்குத் தெரியலியா?”

ராஜேஸ்வரி கட்டையை வாங்கி, வாசல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“ஆமாங்கத்தை, அவருதான்” என்று பொய் சொன்னாள்.